டெஸ்ட் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் எழவில்லையே டாக்டர்?

கேள்வி:

எனக்கு 41 வயது. அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. பத்து வாரங்களுக்கு முன் காய்ச்சல் வந்து, கோவிட் பாசிட்டிவ் என்று சொன்னார்கள். மூன்று நாள் காய்ச்சல், கொஞ்சம் தொண்டை வலி, அவ்வளவுதான். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன், அடுத்த வாரம் பள்ளிக்கும் போய்விட்டேன். ஆனால் இன்றுவரை உடம்பு பழைய நிலைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, மாவாட்டி, வீடு துடைத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை. திங்கள் சாயங்காலம் தொடங்கி இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. வகுப்பில் நின்றபடி பாடம் நடத்தினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தலை கிறுகிறுக்கிறது. பிள்ளைகளின் பெயர்கூட சட்டென்று வாயில் வருவதில்லை. வாசனை பாதிதான் தெரிகிறது. இரண்டு வாரமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. வறட்டு இருமல் விட்டு விட்டு வருகிறது. ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு "நார்மல், மனசுதான் காரணம்" என்று சொல்லிவிட்டார்கள். நடந்தால் தேறிவிடும் என்று வீட்டுக்காரர் தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் அழைத்துப் போகிறார். படுத்தால் படுத்தே கிடப்பாய் என்கிறார் மாமியார். நானே சோம்பேறியாகிவிட்டேனோ என்று சந்தேகம் வருகிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

டீச்சர், நாளைக் காலையிலிருந்து அந்த ஐந்து கிலோமீட்டர் நடையை நிறுத்திவிடுங்கள். மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம். உங்கள் கணவர் நல்லது நினைத்துத்தான் கூட்டிப் போகிறார், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் உங்களுக்கு இப்போது அது உதவாது, கெடுதலும் செய்யும்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறீர்கள், அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, திங்கள் மாலை ஆரம்பித்து இரண்டு நாள் விழுந்துவிடுகிறீர்கள். சாதாரணக் களைப்பு இப்படி வராது. சாதாரணக் களைப்பு வேலை செய்யும்போதே வரும், ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும். இது ஒரு நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறது, செய்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிதாக வருகிறது, தூங்கினாலும் போவதில்லை. உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவு, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நீடிக்கும் சோர்வின் மிக முக்கியமான அடையாளம். உங்கள் உடம்பு இப்போது கந்துவட்டிக்காரர் மாதிரி நடந்துகொள்கிறது: ஞாயிற்றுக்கிழமை கேட்ட தெம்பை எல்லாம் தாராளமாகக் கடன் கொடுத்துவிட்டு, திங்கள் மாலை வட்டியோடு வசூலிக்க வருகிறது.

இதில் மனசு காரணமா, சோம்பலா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், கோவிட்டுக்குப் பின் சோர்வு நீடித்த 25 பேரையும், கோவிட் வந்து நன்றாகத் தேறிய 21 பேரையும் கொஞ்ச நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து, அதற்கு முன்னும் மறுநாளும் தொடைத் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் முடிவு வெளியானது. சோர்வு நீடித்தவர்களின் தசையில், சக்தி உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியா மறுநாள் இன்னும் மோசமாக வேலை செய்தது, தசை இழைகளில் சேதமும் தெரிந்தது. நம் ஊர் லேபில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் இது எதுவும் தெரியாது. ஆகவே ரிப்போர்ட் நார்மலாக இருப்பதும், நீங்கள் எழ முடியாமல் கிடப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

கோவிட்டுக்கு மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை இது. 2006-இல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் நாலு நாளில் விட்டும் மாதக்கணக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருந்திருப்பார்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரைச் சுற்றி நடந்த ஆய்வு ஒன்றும் வெளியானது. கழுத்தில் நெறி கட்டும் சுரப்பிக் காய்ச்சல், ஆடு மாடுகளிடமிருந்து தொற்றும் க்யூ காய்ச்சல், சிக்குன்குனியாவுக்குச் சொந்தக்காரரான ராஸ் ரிவர் வைரஸ் என்று மூன்று வேறு வேறு தொற்று வந்த 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். எந்தக் கிருமி வந்திருந்தாலும், ஆறு மாதம் கழித்தும் சுமார் 12 சதவீதம் பேருக்கு சோர்வு, வலி, மறதி எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. யாருக்கு இப்படி நீடிக்கும் என்று பார்த்ததில் முதல் சில நாள் காய்ச்சலின் கடுமைதான் முக்கியமாகத் தெரிந்தது; அவர்களுடைய பழைய மனநிலைக்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. அப்படியானால் லேசாக வந்தவர்களுக்கு வராதா என்று கேட்பீர்கள். வரும். கோவிட்டில் பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே படுத்துத் தேறியவர்கள் என்பதால், பின்விளைவு நீடிக்கிறவர்களிலும் அவர்களே அதிகம். நடுத்தர வயதுப் பெண்கள் அதில் இன்னும் கூடுதல்.

பெயர் என்ன என்று கேட்டால், நான்கு வாரம் தாண்டிய அறிகுறிகளை "தொடரும் கோவிட் அறிகுறிகள்" என்றும், 12 வாரம் தாண்டினால் "கோவிட்டுக்குப் பிந்தைய நிலை" என்றும் சொல்வது வழக்கம். நீங்கள் பத்தாவது வாரத்தில் இருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் இருக்கும் பலருக்கு அடுத்த சில மாதங்களில் மெல்ல மெல்லக் குறைந்துவிடுகிறது. ஒரு சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டுகிறது. உங்களுக்கு எத்தனை நாள் என்று தேதி குறித்துச் சொன்னால் அது பொய். ஆனால் திரும்பத் திரும்ப விழுந்து எழுகிறவர்களைவிட, விழாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் சீராகத் தேறுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

விழாமல் இருப்பது எப்படி? ஒரு பழைய நோட்டை எடுங்கள். ஒரு வாரம் தினமும் என்ன வேலை, எவ்வளவு நேரம், அன்று எப்படி இருந்தது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் எப்படி இருந்தது என்று இரண்டே வரி எழுதுங்கள். எவ்வளவு செய்தால் விழுகிறீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்த அளவுக்குக் கீழேயே நில்லுங்கள். களைப்பு வந்த பிறகு உட்காருவதில் பயனில்லை, களைப்பு வருவதற்கு முன்னாலேயே உட்கார வேண்டும்; பழகுவதற்குக் கஷ்டமான பகுதி இதுதான், ஏனென்றால் நம் வீட்டுப் பெண்கள் யாரும் வேலை முடியாமல் உட்கார்ந்து பழக்கமில்லை. துணி, மாவு, துடைப்பது மூன்றையும் ஞாயிற்றுக்கிழமையில் அடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று, அதிலும் பாதியை வேறு யாராவது செய்யட்டும். கடையில் ஈரமாவு பாக்கெட் கிடைக்கிறது, இரண்டு மாதம் அதை வாங்கினால் குடி முழுகிவிடாது. காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள், அடுப்படியில் ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள், குளிக்கும்போதும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மிதமான சூட்டில் குளியுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து உங்கள் படபடப்பும் கிறுகிறுப்பும் கூடும். தண்ணீர்க் குடம் தூக்குவது, மாடிப்படி ஏறி இறங்குவது இரண்டையும் இப்போதைக்கு வீட்டில் வேறு ஆளிடம் விட்டுவிடுங்கள்.

இதில் எல்லாரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாலு நாள் ஒழுங்காக இருந்து ஐந்தாம் நாள் காலையில் உடம்பு லேசாக இருக்கும், ஆகா சரியாகிவிட்டது என்று தேங்கிக் கிடந்த வேலையை எல்லாம் அன்றே முடித்துவிடப் பார்ப்பீர்கள், ஏழாம் நாள் மறுபடி படுக்கை. நல்ல நாளிலும் அதே அளவுதான். இரண்டு வாரம் ஒரு முறைகூட விழாமல் இருந்தால், அப்போது ஏதாவது ஒன்றை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள், வீட்டுக்குள் ஐந்து நிமிட நடை என்பது போல. அதற்கு அடுத்த மூன்று நாள் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

"வாரா வாரம் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போ" என்ற ஆலோசனை முன்பு மருத்துவர்களே கொடுத்ததுதான். நீண்டநாள் சோர்வு நோய்க்கு அந்த முறையைப் பரிந்துரைப்பதை மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021-இல் கைவிட்டது. எனவே உங்கள் கணவர் சொன்னதில் அவர்மேல் தப்பு காண முடியாது. ஆனால் இப்போது தெரிந்துவிட்டது, இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள். மாமியாருக்கும் ஒரு வார்த்தை: அம்மா, உங்கள் மருமகள் படுத்தே கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அளவாகச் செய்து, இடையிடையே படுத்து எழுந்தால்தான் சீக்கிரம் பழையபடி நடமாடுவார். பிரசவத்துக்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வு கொடுப்பீர்கள், அதில் பாதியாவது இப்போது கொடுங்கள்.

அடுத்து அந்தப் படபடப்பு. இதை வீட்டிலேயே கணக்கெடுக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 2021-இல் வாங்கி அலமாரியில் போட்டுவைத்த ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கும், அதைத் தேடி எடுத்து பேட்டரி மாற்றுங்கள். காலையில் பத்து நிமிடம் சும்மா மல்லாந்து படுத்திருந்து நாடித்துடிப்பைக் குறியுங்கள். பிறகு எழுந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, பேசாமல் அசையாமல் நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம்வரை குறியுங்கள். பக்கத்தில் ஒருவர் கண்டிப்பாக இருக்க வேண்டும், கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள், பத்து நிமிடத்தை முடித்தே தீர வேண்டும் என்றில்லை. படுத்திருந்ததைவிட 30 துடிப்போ அதற்கு மேலோ கூடி அப்படியே நின்றால், அதே நேரம் ரத்த அழுத்தமும் இறங்காமல் இருந்தால், நிற்கும்போது ரத்தத்தை மேலே ஏற்றும் தானியங்கி நரம்புகள் தடுமாறுகின்றன என்று அர்த்தம். பாட்ஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். எண்களை எழுதி எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள், ஈ.சி.ஜி.யும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மாத்திரைகள் உண்டு, ஆனால் முதலில் செய்வது தண்ணீரும் உப்பும்தான்: நாள் முழுக்கப் பிரித்து இரண்டரை மூன்று லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், கஞ்சி. உங்களுக்கு ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. காலையில் எழுந்திருக்கும் முன்பே படுக்கையில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்து, அப்புறம் நில்லுங்கள். கால்களை அழுத்திப் பிடிக்கும் நீளமான காலுறைகள் மருந்துக் கடையில் கிடைக்கும், நின்று வேலை செய்கிறவர்களுக்கு அவை உதவும்.

"ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக ரத்த அணுக்கள், பிளேட்லெட், டெங்கு இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்: தைராய்டு, இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, மூன்று மாத சர்க்கரை சராசரி, சிறுநீரகம், கல்லீரல் இவை இருக்கின்றனவா? இல்லையென்றால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 41 வயதில் மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பார்க்கச் சுமாராக இருந்தாலும் ஃபெரிட்டின் தரைமட்டத்தில் கிடக்கலாம், அதுவே சோர்வு, படபடப்பு, முடி கொட்டுதல் மூன்றையும் தரும். கோவிட்டுக்குப் பிறகு புதிதாக சர்க்கரை தெரிய வருகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் வைரஸ் மேலேயே போட்டுவிட்டு, கையில் மருந்து இருக்கிற ஒரு குறையைத் தவறவிடக் கூடாது.

இருமலும் அப்படித்தான். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் எட்டு வாரம்வரை வறட்டு இருமல் இழுப்பது சகஜம். ஆனால் நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் எந்த இருமல் இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எக்ஸ்ரே நன்றாக இருப்பது நல்ல செய்தி, இருந்தாலும் சளி வருமானால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முறை கொடுத்துவிடுங்கள், இலவசம்தான். வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு இருக்கிறவர் என்பதால் இதை ஒத்திப்போட வேண்டாம். சாயங்கால வேளையில் காய்ச்சலோ, எடை குறைவோ இருந்தால் இன்றே போங்கள்.

முடியைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். காய்ச்சலின் அதிர்ச்சியில் நிறைய முடிவேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்து அவை மொத்தமாக உதிரும், உங்கள் கணக்கு அச்சாக அதில் பொருந்துகிறது. ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் நின்று திரும்ப வளரும். விலை கூடிய எண்ணெய் எதுவும் தேவையில்லை.

வாசனைக்குப் பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் காலையும் மாலையும், ஒவ்வொன்றும் சில விநாடி, அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டே மெல்ல முகர வேண்டும். குறைந்தது 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். நடுவில் காபி கருகிய மாதிரியோ, வெங்காயம் நாறுகிற மாதிரியோ தோன்றினால் பயப்படாதீர்கள், நரம்பு திரும்ப முளைக்கும்போது பலருக்கு அப்படி ஆகும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சமையல் எரிவாயு கசிந்தால் உங்கள் மூக்கு இப்போது காட்டிக்கொடுக்காமல் போகலாம். ராத்திரி ரெகுலேட்டரை மூடுவதை வேறு ஒருவர் பொறுப்பில் விடுங்கள். பழைய குழம்பு கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்க்கும் வேலையும் அவர்களுடையதே.

பெயர் மறப்பது, சொல்ல வந்தது நழுவுவது எல்லாம் இந்தச் சோர்வின் இன்னொரு முகம்தான். மூளை உழைப்பும் உழைப்புக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். விடைத்தாள் திருத்துவதும், ஆன்லைனில் வருகைப் பதிவு ஏற்றுவதும் துணி துவைப்பதற்குச் சமமாகவே உங்களைச் சாய்க்கும். இருபது நிமிடம் திருத்தினால் பத்து நிமிடம் செல்போனும் இல்லாமல் கண்ணை மூடிப் படுங்கள்.

மருந்து என்ன என்று கேட்டால், இதை மொத்தமாகக் குணப்படுத்தும் மாத்திரை என்று நிரூபிக்கப்பட்டது இன்றைக்கு ஒன்றும் இல்லை. தூக்கம், வலி, படபடப்பு, தலைவலி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உதவி செய்ய முடியும், அதுவே பெரிய வித்தியாசத்தைத் தரும். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு வாங்கிப் போடாதீர்கள், இரண்டு நாள் தெம்பாக இருக்கும், பின்னால் சர்க்கரையை ஏற்றிவிடும். ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. துத்தநாகம், பி-காம்ப்ளக்ஸ் என்று மாதக்கணக்கில் கைநிறைய விழுங்குவதும் ஆபத்து: துத்தநாகம் கூடினால் உடம்பில் தாமிரம் குறையும், பி6 அளவு மீறினால் கால் நரம்பு மரத்துப்போகும். மிளகு ரசமோ சுக்குக் காபியோ குடித்தால் இதமாக இருக்கிறதா, குடியுங்கள்.

மனசுதான் காரணம் என்று உங்களை அனுப்பிவைத்தது சரியில்லை. ஆனால் பத்து வாரமாக உடம்பு முடியாமல், யாரும் நம்பாமல், தன்னையே சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு இருப்பவரின் மனசு வாடித்தானே இருக்கும்? அதற்கும் கவனிப்பு வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலும், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப்பார்த்தாலும், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் என் பதிலையோ வேறு யார் பதிலையோ எதிர்பார்த்து உட்காராதீர்கள். நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், ஓய்வில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்குதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மயங்கி விழுதல், இருமலில் ரத்தம், முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளுதல் என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆக்சிமீட்டர் போடும்போது விரலில் நகப்பூச்சு இருக்கக் கூடாது.

கடைசியாகப் பள்ளி விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நோட்டையும் நாடித்துடிப்பு எண்களையும் எடுத்துக்கொண்டு பொது மருத்துவர் ஒருவரைப் பாருங்கள், முடிந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே. "வேலை செய்த மறுநாள்தான் விழுகிறேன்" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள், மற்ற பத்து அறிகுறிகளை வரிசையாகச் சொல்வதைவிட அது அவருக்கு அதிகம் உணர்த்தும். இரண்டு மூன்று வாரம் மருத்துவ விடுப்புக்குச் சான்றிதழ் கேளுங்கள். திரும்பிப் போகும்போது தலைமை ஆசிரியரிடம் பேசி, கீழ்த்தள வகுப்புகள், உட்கார்ந்து பாடம் நடத்த நாற்காலி, தொடர்ந்து இரண்டு பீரியடுக்கு மேல் இல்லாத கால அட்டவணை, காலை வழிபாட்டில் வெயிலில் நிற்பதிலிருந்து விலக்கு, இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கேட்க மனசு வரவில்லையென்றால் சான்றிதழிலேயே இவற்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தருவார்கள்.